பண்ருட்டியில் பர்மனென்ட் ஆன பல்

நெய்வேலியிலிருந்து பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் போகிறவர்கள் உண்டு. நான் பல்லுக்காகப் போனேன், 2014 கோடையில். இடது பக்கக் கடைவாய்ப் பற்களை முன்பே பிடுங்கியாயிற்று. மெல்வதற்கு மிச்சமிருந்தது வலது பக்கம்தான். இப்போது அங்கேயும் வலி. அதுவும் போனால் ஆயுசுக்கும் கஞ்சிதான். வேர் சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறினால் காடாம்புலியூர் வழியாக முக்கால் மணி நேரம். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், அப்புறம் உட்கார இடம் கிடைக்காது. தாடையைப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்து கண்டக்டர், "பல்லு வலிங்களா? கிராம்ப கடிச்சிகினே வாங்க, எறங்கற வரைக்கும் தாங்கும்" என்றார். ஏற்கெனவே கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

பண்ருட்டி பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஈறில் ஊசி போட்டார். நிஜமாக வலித்தது அந்த ஊசி மட்டும்தான். பல்லின் தலையில் துளை போட்டு, உள்ளே அழுகியிருந்த நரம்பை மெல்லிய கம்பிகளால் சுரண்டி எடுத்து, கழுவி, மருந்து வைத்து மூடினார். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடைதான் நொந்துபோனது.

"இது டெம்பரரிங்க. அடுத்த வாரம் வாங்க. வேரை அடைச்சு, மேல உறை மாதிரி கேப் போட்டாதான் பர்மனென்ட்."

இங்கேதான் கோட்டை விட்டேன். நான் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். பதினோரு வருஷமாக டெம்பரரி. எங்கள் ஊரில் டெம்பரரி என்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். வலியும் நின்றுவிட்டது. யார் ஷிப்டை விட்டுவிட்டுப் போவது? போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து வறுத்த முந்திரி ஒன்றைக் கடித்தேன். அடைப்பு பெயர்ந்து முந்திரியோடு வந்தது. மறுநாள் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவி செல்வி கண்ணாடியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "டெம்பரரின்னா இன்னான்னு இப்பவாவது தெரிஞ்சுதா? கெளம்புங்க."

டாக்டரம்மா கடுகடுத்தார். "அவ்ளோ சொல்லி அனுப்பினேனே! வேர்ல விரிசல் இருந்தா புடுங்கறதத் தவிர வழியில்லீங்க." மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நல்ல வேளை, விரிசல் இல்லை. மறுபடி முதலிலிருந்து: சுத்தம், மாத்திரை, வேர் அடைப்பு, கடைசியில் அளவெடுத்துக் கேப்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உதட்டு மரப்பு தெளியும்வரை எதையும் மெல்லாதீர்கள், உதட்டையே கடித்துக்கொள்வீர்கள். இரண்டு மூன்று நாள் லேசான வலி சகஜம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே ஓடுங்கள். கேப்புக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வலி நின்றதும் வைத்தியம் முடிந்தது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கேப்பைப் பொருத்திவிட்டு, "இனிமே பர்மனென்டுங்க" என்றார் டாக்டரம்மா. செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பாடா, நம்ம வூட்ல ஒண்ணாவது ஆச்சே!"

நானும் சிரித்தேன். மறுநாள் காலை முதல் ஷிப்டுக்கு, பர்மனென்ட் பல்லோடு, கேட்டில் அதே கான்ட்ராக்ட் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போனேன்.