கல்யாணக் காரில் வந்த புகை

மல்லிகைச் சரம், சந்தனம், பெட்ரோல், புது ரெக்சின் இருக்கை எல்லாம் ஒன்றாகக் கலந்து, அதன்மேல் காயாத துணியின் குளிர் வாடையும் ஏறினால் எப்படி நாறுமோ அப்படி நாறியது அந்தக் கார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். இன்றைக்கும் அலங்கரித்த கல்யாணக் காரின் கதவை யாராவது திறந்தால் எனக்கு முதலில் குமட்டும், அடுத்தபடியாகக் கோபம் வரும். இனிமையான இளமை நினைவுகளைத் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அது எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் ஈப்போவில், புந்தோங்கில் எங்கள் வீடு. அப்பா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என் அக்கா தனலெட்சுமியை, எங்களுக்குத் தனம், சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றை ஒட்டியிருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களை அதட்டி வேலை வாங்கும் "மண்டோர்" ஆக இருந்து, பிறகு லாரி ஓட்டி வசதி கண்டவர். அவர் அதிகம் பேசமாட்டார். அவருடைய பங்கையும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய மனைவி இருந்தார். அந்த அம்மாளை மரியாதையாக எழுத வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர்களிடம் ஒரு ஜப்பான் கார் இருந்தது. வாங்கும்போது அதில் "ஏர்கோன்" கிடையாது. அத்தான், அதாவது மாப்பிள்ளை, ஈப்போவில் கார்களுக்கு ஏர்கோன் பூட்டும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்ததால், எங்கிருந்தோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து டேஷ்போர்டுக்குக் கீழே தானே பூட்டிவிட்டார். அந்த வட்டாரத்தில் அதற்கு முன்னால் தோட்டத்துத் துரையின் காரில் மட்டும்தான் குளிர்காற்று வரும். "என் மகன் கையால பூட்டுனது லா!" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே அந்த அம்மாள் எங்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் காபித் தண்ணீரில் வாய் வைத்தார்.

கல்யாணம் புந்தோங் கோவிலில் நடந்தது. மத்தியானம் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றினார்கள். அத்தானின் தம்பி ஓட்ட, முன்னால் மாமியார். பின்னால் அத்தான், அக்கா, அக்காவுக்குத் துணையாக என்னைச் சொருகியிருந்தார்கள். அப்பா அம்மாவும் சொந்தக்காரர்களும் ஒரு வேனில் பின்னால் வருவதாக ஏற்பாடு. மழைக்குப் பிறகு வெயில் ஏறி, தார்ச்சாலை முழுக்க ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் "கித்தா" என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள், அவற்றின் அடியில் ஈரம், காற்றிலும் ஈரம்.

இப்போது அந்த அம்மாள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏர்கோன் ஓடினால் கண்ணாடியை மூட வேண்டும். மூடிவிட்டால் பட்டுப்புடவையும் மாலையுமாகப் போகிற கூட்டத்தை ரோட்டில் நிற்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏர்கோனை நிறுத்திவிடலாம்; நிறுத்திவிட்டால் ஏர்கோன் இருக்கிறது என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? ஆகவே இரண்டும் நடந்தது. தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கி முழங்கையை வெளியே போட்டுக்கொண்டார், ஏர்கோனையும் முழு வேகத்தில் ஓடவிட்டார். கடைத்தெரு வரும்போதெல்லாம் "மெதுவாப் போடா" என்று சின்ன மகனை அதட்டினார். ஊர் பார்க்க வேண்டுமாம்.

ஆயர் தாவார் நெருங்கும்போது டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த பெட்டியின் கட்டங்கள் வழியாக வெள்ளையாக ஏதோ வந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு புசுபுசுவென்று மாமியாரின் மடியில் இறங்கியது.

"அலாமா! பொகை! காடி எரியுது! நிப்பாட்டுடா!"

கார் ஓரத்தில் நின்றது. எல்லாரும் விழுந்தடித்து இறங்கினோம். கூறைப் புடவையோடு அக்கா சேற்றில் கால் வைத்தாள். பானட்டைத் திறந்து பார்த்தார்கள். எங்கேயும் நெருப்பில்லை, கருகிய வாடை இல்லை. மறுபடி ஏறி, புகை வெளியே போகட்டும் என்று நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். இந்தத் தடவை முன்னைவிட அதிகமாக வந்தது. ஏர்கோனை அணைத்தால் நின்றது; போட்டால் வந்தது. மறுபடி நிறுத்தினார்கள்.

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது புகை இல்லை என்று. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் இருக்கிறது. அந்த ஈரக்காற்று ஏர்கோனின் குளிர்ந்த குழாய்களைத் தொட்டவுடன், தாங்கமாட்டாமல் பொடிப்பொடித் துளிகளாகி, விசிறி தள்ளுகிற தள்ளலில் வெண்மையாக வெளியே வருகிறது. ஐஸ்பெட்டியைத் திறந்தால் வருகிறதே, அதே சங்கதிதான். கண்ணாடியை மூடினால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்ச நேரத்தில் காய்ந்து, அதுவும் தானாக நின்றுவிடும். திறக்கத் திறக்க வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வந்து இன்னும் அதிகமாகும். அந்த அம்மாள் வீட்டில் ஐஸ்பெட்டி இருந்தது. அதிலிருந்து வந்த புகைக்கு எந்த மருமகள் காரணம் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஆனால் அன்றைக்கு ரோட்டோரத்தில் நின்று விசாரித்தார். முதலில் மகனைத்தான் கேட்டார்.

"ஏன்டா, நீ பூட்டுனதுல ஏதும் கோளாறா?"

"இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப இத்தன நாளு வராத பொகை இன்னைக்கி மட்டும் ஏன் வருது?"

அத்தான் குனிந்து வேட்டியில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்களைப் போலவே அவரும் பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மாமியார் மெதுவாகத் திரும்பி அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மகன் பூட்டியதில் பழுதில்லை என்றால் பழுது இன்றைக்குப் புதிதாக ஏறியவளிடம்தான் இருக்க வேண்டும். கணக்கு முடிந்துவிட்டது. அதிர்ஷ்டம் கெட்டது எதையும் "சுவேய்" என்று சொல்ல நாங்களெல்லாம் சீனர்களிடமிருந்து கற்று வைத்திருந்தோம். மீன் வாங்கப் போய் சந்தை மூடியிருந்தால் சொல்லுகிற அந்தச் சொல்லை அவர் என் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

வீடு வந்து சேர்ந்ததும் வாசலில் ஆலாத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். "அந்தத் தட்ட உள்ள கொண்டு போங்க" என்றார் மாமியார். "இவ முன்வாசல் பக்கம் வர வேணாம். அடுப்படி வழியா வரட்டும். பூசாரியக் கேட்டுட்டு அப்புறம் பாக்கலாம்." அக்கா மாலையோடு வீட்டைச் சுற்றி, விறகு அடுக்கியிருந்த சந்து வழியாகப் போய், கரி பிடித்த அடுப்படிக் கதவில் குனிந்து நுழைந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன். அத்தான் முன்வாசல் வழியாகப் போனார்.

வேனில் வந்து இறங்கிய அம்மாவிடம் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என் வாயைப் பொத்தி, "பொண்ணு குடுத்த வீடு, வாயத் தொறக்காத" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். வாயில் கொழுக்கட்டையா என்று அவர்களைக் கேட்க எனக்கு வயது போதவில்லை. இப்போது போதும், ஆனால் கேட்க அவர்கள் இல்லை.

"அப்புறம் பாக்கலாம்" என்றது பார்க்கப்படவே இல்லை. அக்கா பல வருஷம் அடுப்படிக் கதவு வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் போய் வந்தாள். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது குழந்தை முன்வாசல் வழியாகப் போனது, பெற்றவள் பின்னால் போனாள். கோவிலுக்குக் குடும்பமே காரில் போகும். அக்கா பஸ்ஸில் போவாள். "அவ ஏறுனா காடி பொகையும் லா" என்று மாமியார் விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். டயர் வெடித்தாலும், லாரி படுத்துக்கொண்டாலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரே பேச்சுதான்: "அன்னைக்கே காடி சொல்லிருச்சு." இப்படித் தினமும் கரித்துக் கொட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? விடுமுறைக்கு நான் போயிருந்தபோது ஒருநாள் அக்கா என்னிடமே கேட்டாள்: "ஏன் பாப்பா, எங்கிட்ட நெசமாவே ஏதும் இருக்குமா?"

எண்பதுகளின் நடுவில் அத்தான் தனக்கென்று ஒரு கார் வாங்கினார். தீபாவளிக்கு முன்பு மாமியார் தைப்பிங்கில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், அக்காவையும் குழந்தையையும் புந்தோங்குக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். "நான் பஸ்ஸுல வாரேன்" என்று அக்கா தயங்கினாள். "அம்மாதான் இல்லயே, ஏறு லா" என்றார் அத்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் பின்னால் என் பக்கத்தில் இருந்த குழந்தை, கையை நனைத்து விளையாடக் கண்ணாடியை இறக்கிவிட்டது. முன்னால் கட்டங்கள் வழியாக வெள்ளையாகப் புகை வந்தது.

"நிப்பாட்டுங்க! நான் எறங்கிக்கிறேன். பிள்ளைக்கி ஏதும் ஆயிரப்போகுது. நான் எறங்கிக்கிறேன்!" என்று அக்கா ஓடுகிற காரின் கதவைத் திறக்கப் போனாள்.

அத்தான் சிரித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சிரித்தார். "அட, ஒண்ணும் இல்ல. பிள்ள கண்ணாடியத் தொறந்துட்டா லா. ஈரக்காத்து உள்ள வந்தா இப்படித்தான் வரும். பாப்பா, அத மூடு." நான் கைப்பிடியைச் சுற்றி மூடினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் புகை மெலிந்து, இல்லாமல் போனது.

"இது ஒங்களுக்கு எப்பருந்து தெரியும்?" என்று கேட்டாள் அக்கா.

"இது தெரியாமலா? ஒர்க்‌ஷாப்புல சேந்த புதுசுலயே சொல்லிக் குடுத்துருவாங்க."

"அப்ப நம்ம கல்யாணத்தன்னைக்கி?"

அத்தான் ரோட்டையே பார்த்தபடி சொன்னார்: "எல்லாரும் பாக்கணும்னு அம்மா ஆசையாத் தொறந்து வச்சிருந்தாங்க. மூடுங்கன்னு சொன்னா மூஞ்சி சுண்டிப் போயிருக்கும். நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னுதான்..."

நல்ல நாளாம். அம்மாவின் மூஞ்சி சுண்டிவிடக்கூடாதாம். அதற்காக ஒருத்தியைச் சேற்றில் நிறுத்தி, அடுப்படி வழியாக நுழையவிட்டு, பஸ்ஸில் அலையவிட்டு, அவளுக்கே அவள்மேல் பயம் வருகிற வரைக்கும் இந்த மனிதர் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். பாவி மனுசா என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. அக்கா புந்தோங்கில் இறங்கினாள், தீபாவளிக்குப் பலகாரம் சுட்டாள், குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள். கூட்டிப்போக அத்தான் வந்தபோது வாசலில் நின்றபடியே, "நீங்க போங்க. நாங்க வரல" என்றாள். அம்மா அழுதாள், சொந்தக்காரர்கள் வந்து சமாதானம் பேசினார்கள், அப்பா மட்டும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, "அவ இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அக்கா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மகளைப் படிக்க வைத்தாள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், மண்டோர் வீடு இருந்த இடத்தில் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. கார் என்றைக்கோ இரும்புக்கடைக்குப் போயிருக்கும். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் கைப்பிடியை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. ஏர்கோன் காரில் கண்ணாடியைத் திறந்து பவிசு காட்டுகிறவர்களும் இல்லை. அந்தக் காலம் போய்விட்டதே என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை. போனது நல்லது.

மாமியார் போன வருஷம் காலமானார். நான் துக்கத்துக்குப் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தான் எனக்குப் போன் செய்தார். குரல் கிழடு தட்டியிருந்தது. "அம்மாதான் இப்ப இல்லயே. ஒங்க அக்காவுக்கு இனிமே என்ன கஷ்டம்? அவங்க மேல இருந்த கோவத்த விட்டுட்டு வந்துரச் சொல்லு, பாப்பா" என்றார். சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"அவங்க மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொல்லு" என்றாள். "அவங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம்தான். ஆனாலும் அக்கா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அத்தானிடம் போனில் ஒப்பித்தேன். பிறகு நானே போனை வைத்துவிட்டேன்.