கைலாசபுரத்தில் துபாய்

என் அம்மா துபாயைப் பார்த்தது கைலாசபுரத்தில். விமானம் ஏறவில்லை, பாஸ்போர்ட்டும் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் சினிமாப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடத்துவார்கள். அங்கே ஒரு கூடத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிவிட்டு, கொரியாவையும் ஈரானையும் திருச்சிக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் பாலக்கரைத் தெருவில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஸ்ரீரங்கத்து டீச்சர் மாமிதான் சொன்னார். அவர் ஒரு வருஷம்கூட அந்த விழாவைத் தவறவிட்டதில்லை.

“எப்பப் பார்த்தாலும் துபாய் துபாய்ங்கறேளே, இந்த வருஷம் அங்கேயே எடுத்த படம் ஒண்ணு வர்றது. கொழந்தையையும் அழைச்சுண்டு வாங்கோ” என்றார்.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அத்தா துபாய்க்குப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் போன் செய்வார். வீடியோ காலெல்லாம் வராத காலம். தனி ரூம், ஏசி, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று அவர் சொல்வதை வைத்து நானும் அம்மாவும் மனதுக்குள் ஒரு துபாயைக் கட்டி வைத்திருந்தோம்.

அந்த வாரம் போனில் அவர் ஒரு பெரிய கேள்வி கேட்டிருந்தார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போட்டால் வீட்டுக்கு மாடி எடுத்துவிடலாம், போடவா, வேண்டாமா? அடுத்த வெள்ளிக்கிழமை சொல் என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. மாடியில் ரோஸ் கலர் அடித்த ரூம் எனக்கு என்று முடிவாகியிருந்தது. கட்டில் எந்த ஜன்னலோரம் என்பதுவரை நான் தீர்மானித்துவிட்டேன். அம்மாவும் ஏறக்குறைய என் கட்சிதான். அவர் அங்கே வசதியாகத்தானே இருக்கிறார் என்று சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வசதியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தலையாட்டிவிடலாம் என்று நினைத்திருப்பாள்.

கிளம்பிய அன்று நல்ல புடவையாக எடுத்து உடுத்தி, அத்தா அனுப்பிய சென்ட்டையும் போட்டுக்கொண்டாள். படம் பார்க்கப் போறியா, மச்சானைப் பார்க்கப் போறியா என்று சின்னம்மா கேலி செய்தாள். அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

மத்தியான வெயிலிலிருந்து அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் கண் தெரியவில்லை. பட்டப்பகலில் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததே இல்லை. பிறகு திரை நிறைய மணல் வந்தது. மணல்மேல் காற்று போகும் சத்தம். அப்புறம் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் உயரமான கண்ணாடிக் கட்டடங்கள். கார்கள் சத்தமே இல்லாமல் மிதந்து போயின. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு தெருமுனையில் அத்தா திரும்பி வந்துவிடுவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நீலச் சட்டை ஆட்கள் கூட்டமாக வந்தபோது ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அம்மாவும் தேடினாள். திரையில் ஒருவர் ஸலாம் சொன்னதும் அவள் மெதுவாகப் பதில் ஸலாம் சொல்ல, முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

படத்தில் பேசிய பாஷை எங்களுக்குத் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை மாமி அம்மாவின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கட்டட வேலை பார்க்கும் ஓர் ஆளின் கதை. வேலை முடிந்ததும் அவரை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். நீளமான ஓர் அறை. சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டி ஈரத்துணி போட்டிருந்தார்கள். அந்த ஆள் மேல்கட்டிலில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

அதுவரை சளைக்காமல் சொல்லிவந்த மாமி சட்டென்று நிறுத்திவிட்டார். என்ன சொல்றாரு டீச்சர் என்று அம்மா கேட்டாள். “கண்ணாடி என்னமோ மங்கறது, படிக்க முடியலை” என்றார் மாமி.

நான் எதற்கு இருக்கிறேன்? வகுப்பிலேயே இங்கிலீஷில் முதல் மார்க் நான்தான். தனி ரூம் குடுத்திருக்காங்களாம், ஏசி இருக்காம், வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துருதாம் என்று தட்டுத்தடுமாறாமல் படித்துச் சொன்னேன். அதோடு விட்டேனா?

“அச்சு அசல் அத்தா சொல்ற மாதிரியே சொல்றாரும்மா” என்று சிரித்தேன். அந்த ஆள் கட்டிலில் குறுகி உட்கார்ந்துகொண்டு அப்படிப் புளுகியது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. என் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சென்ட் வாசனையில் அப்படியே தூங்கிப்போனேன். படம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும் பஸ்ஸிலும் அம்மா என்னை மடியில் சாய்த்தே வைத்திருந்தாள். சத்திரத்தில் இறங்கியபோது மலைக்கோட்டையில் விளக்கு எரிந்தது. பாறை இருட்டில் கரைந்துவிட, வெளிச்சம் மட்டும் ஆகாயத்தில் நின்றது. படம் இன்னும் முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரீரங்கம் பஸ் வந்ததும் மாமி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு, ஜாக்கெட்டுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. படம் நன்றாக இருந்தது, கட்டடமெல்லாம் அழகு என்றாள் அம்மா. ஏசியை ரொம்பக் கூட்டி வைக்காதீங்க, சளி பிடிக்கும் என்று எப்போதும் போலச் சொன்னாள். இரும்புக் கட்டிலை மறந்துவிட்டாளாக்கும் என்று நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே பழியைத் தூக்கி என் தலையில் போட்டாள்.

“கையெழுத்தெல்லாம் போட வேணாங்க. புள்ள ராத்திரியெல்லாம் அத்தா அத்தான்னு அழுவுது. என்னால பாக்க முடியல. வந்துருங்க.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் எப்போது அழுதேன்? படுத்தால் காலையில் முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் என்னை எழுப்புவார்கள். ரோஸ் ரூம் கைவிட்டுப் போனதே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

நோன்புக்கு முன்பே அத்தா வந்துவிட்டார். ஏர்போர்ட் வாசலில் ஆளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு கறுத்து மெலிந்திருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு, “எனக்காக ராத்திரியெல்லாம் அழுதியாம்ல?” என்று கேட்டார். பின்னால் நின்ற அம்மா என்னையே பார்த்தாள். இல்லவே இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் புதுக் கவுன் நனைந்தது. இத்தனை நாள் ஏசியிலேயே இருந்தவர் அல்லவா, திருச்சி வெயில் தாங்காமல் இப்படி வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.