கட்டிலோடு மேலே போன பாட்டு

"மெதுவா! முட்டை இருக்கு!" என்று கத்திவிட்டு நேல்ட்யே கயிற்றை இறுகப் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால், சந்து நெடுக, அதே கயிற்றைப் பிடித்தபடி இருபது பேருக்குமேல் நிற்கிறார்கள். கயிறு கூரை முகப்பின் கொக்கியில் மாட்டிய கப்பியைச் சுற்றி இறங்குகிறது. மறுமுனையில் ஒரு கூடை. உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டை. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

ராட்டர்டாமின் பழைய துறைமுகப் பகுதியான டெல்ஃப்ஸ்ஹாவனில், கயிறு இழுக்கும்போது மாலுமிகள் பாடும் கப்பல் பாட்டுகளுக்கான குழுவின் சனிக்கிழமை ஒத்திகை இதுதான்.

நேல்ட்யேவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இழுவைக் கப்பல்களில் சமையல் செய்தவர். காபியைக் கரண்டிக் காம்பால்தான் கலக்குவார். பாடும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். "வாயசைச்சு ஏமாத்தலாம். கை சும்மா இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும், லேன்!"

லேன் பழைய துறைமுக மேஸ்திரி. "நான் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கிழவி!"

"எதை? உன் கால்சட்டையையா?"

குழு பிறந்ததே ஒரு கட்டிலால்தான். நேல்ட்யேவின் எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் கிரெய்ன் என்ற முதியவர், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உயரமான மருத்துவக் கட்டில் வீட்டில் இருந்தால் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் ஆற்றுக்கு அக்கரையில் முதியோர் இல்லம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஏணி போன்ற அந்தப் படிக்கட்டில் கட்டில் ஏறாது. ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

உதவிக்கு வந்த ஆறு பேரும் ஓய்வுபெற்ற மேஸ்திரிகள். அதுதான் வினையாயிற்று.

"இழு!"

"நிறுத்து!"

"நிறுத்தச் சொல்ல நீ யாருடா?"

ஆறு பேரும் உத்தரவு போட்டார்கள், இழுக்க ஆளில்லை. கட்டில் அந்தரத்தில் சுழன்று இரண்டாம் மாடியில் லேனின் ஜன்னல் கண்ணாடியையே உடைத்தது. கீழே சக்கர நாற்காலியில் இருந்த கிரெய்ன், "விடுங்கப்பா, நான் அக்கரைக்கே போயிடறேன்" என்றார்.

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேல்ட்யே கத்தியைக் கீழே வைத்தார். கப்பலில் யாரையும் அதட்டி அறியாதவர் அவர். கயிற்றைப் பிடித்தார், பாடினார்: "காத்தே, காத்தே, கரைக்கு வா!" அந்த 'வா'வில் ஆறு பேரும் ஒன்றாக இழுத்தார்கள். கட்டில் ஒரு முழம் ஏறியது.

"அடுத்த அடியில கிரெய்னும் கீழேருந்து சேர்ந்துக்கிட்டான். துருப்பிடிச்ச கேட்டு மாதிரி குரல்! கட்டில் உள்ள போயிடுச்சு, பாட்டு மிச்சம் இருந்துச்சு. ஒருத்தனும் கயிற விடல" என்கிறார் நேல்ட்யே. மறு சனிக்கிழமை எல்லோரும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். கிரெய்னால்தான் கீழே வர முடியாதே.

இப்போது கிரெய்ன் கடைக்கு நடந்தே போகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் கூடைக்காக மேலேயே இருந்துகொள்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அவரே வந்து வாங்கிக்கலாமே?" என்றாள்.

"வாங்கிக்கலாம். அப்புறம் நாம எதை இழுக்கிறது?" என்ற நேல்ட்யே, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கப்பல விட்டு இறங்கினப்புறம் என் ஒருத்திக்குத்தான் சமைச்சேன், பொண்ணு. இப்ப பெரிய அண்டா வாங்க வேண்டியதாப் போச்சு."

பாட்டு முடிகிறது. பட்டாணி சூப்பின் வாசனை பிடித்து எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். நேல்ட்யே மட்டும் பிடித்தபடியே அண்ணாந்து நிற்கிறார். மேலே ஒரு கை கூடையை உள்ளே இழுக்கிறது. பிறகு கயிறு இரண்டு முறை வெட்டி இழுபடுகிறது. அவரும் பதிலுக்கு இரண்டு முறை இழுத்துவிட்டுத்தான் கையை எடுக்கிறார்.