பின் சீட்டுக்கு அடியில் இருப்பது

பிள்ளைகளா, நம் காரில் நீங்கள் இருவரும் உட்காரும் பின் சீட்டுக்கு அடியில்தான் அந்தப் பேட்டரி இருக்கிறது. எத்தனையோ நாள் உங்களை அதன்மேல் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூடப் பயமில்லாமல் ஓட்டியதில்லை. அப்பனே பயப்படுகிறான் என்று தெரிந்தால் நீங்கள் ஏறமாட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை. இப்போது எழுதிவைக்கிறேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்ததில் வண்டியின் தப்பு ஒன்றுமில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். சென்னையில் ஒரு முதலாளிக்கு டிரைவராக இருந்தேன். அவர் புது வண்டி எடுத்தபோது பழையதை எனக்கே கொடுத்துவிட்டார். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, கரண்ட் மோட்டார் ஒன்று, இரண்டும் மாறி மாறி இழுக்கிற வண்டி. மெதுவாகப் போனால் சத்தமே இருக்காது. நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் முதல் தடவை ஓட்டி வந்தபோது, கால் நீட்டி வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹாரன் அடித்ததும் ஒருவர் நிமிர்ந்து, "இன்னாப்பா, தள்ளிக்கினு வர்றியா?" என்றார்.

பொன்னேரியில் இந்த மாதிரி வண்டியைத் தொடுகிற மெக்கானிக் ஒரே ஒருவர்தான். அவரிடம் முதலில் காட்டியபோது பின் சீட்டைத் தூக்கி, தடியாகப் போகும் ஆரஞ்சு நிற வயரைக் காட்டினார்.

"இதை மட்டும் தொட்டுடாதண்ணே. அப்புறம் நீ செவுத்துல மாட்டின போட்டோதான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சீட்டில்தான் பாப்பா சாய்ந்து தூங்குவாள்.

நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிறது, சைக்கிள் செயினைத் தின்கிறது, வண்டியின் அடித்தகட்டை மட்டும் விட்டுவைக்குமா? வாரம் ஒரு நாள் நல்ல தண்ணீரை வண்டிக்கு அடியில் பீய்ச்சிக் கழுவுவேன். உங்கள் அம்மா பொன்னேரி மார்க்கெட்டுக்கு நண்டு கொண்டுபோகிற நாளில் கூடைக்கடியில் தார்ப்பாய் விரிப்பேன். அப்படியும் ஒருநாள் ஐஸ் உருகி, பின் சீட்டுக்குப் பக்கத்தில் கதவோரமாக இருக்கும் சல்லடை மாதிரியான ஓட்டைக்குள் வழிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். காய்ந்ததும் அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்புத் தண்ணி, கரண்ட், அதன்மேல் என் பிள்ளைகள்.

உங்கள் மாமனிடம் மட்டும் சொன்னேன். அவன் கடலிலிருந்து அப்போதுதான் வந்து, ஃபைபர் போட்டின் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பாலித்தீன் பையைப் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். குப்பத்தில் எல்லா எஞ்சினுக்கும் இதுதான் மரியாதை. கரைக்கு வந்ததும் குளிப்பாட்டு, மூட்டை கட்டு.

"ஓட்டையைத் தொறந்து வெச்சுட்டு உப்பு போவுதுனு அழுவுறியே மாமா," என்றான். "கட்டிட்டா ஆச்சு."

அவனே ஐஸ் மூட்டைப் பாலித்தீனை வெட்டிக் கொடுத்தான். மூன்று மடிப்பு. சுற்றிலும் பிளாஸ்டர் டேப். ஊதினால்கூடக் காற்றுப் போகாதபடி ஒட்டினேன். அதன்மேல் ஒரு துண்டையும் விரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், கத்திரி வெயிலில், பாப்பாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. பாப்பா, உனக்கு அப்போது ஐந்து வயது. மார்பு குழிந்து குழிந்து எழுந்தது. பேச்சு பாதிப் பாதியாக வந்தது. உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். அண்ணனும் பின்னால் ஏறினான். ஏரிப் பாலத்தைத் தாண்டி, பழவேற்காடு பஜாரைத் தாண்டி, பொன்னேரி ரோட்டில் விரட்டினேன். ஏசியை முழுசாக வைத்திருந்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து ஃபேன் இரைகிற சத்தம் கேட்டது. புயலுக்கு முன்னால் கடல் இரையுமே, அப்படி. துண்டுக்கு அடியில் பாலித்தீன் படபடவென்று அடித்தது. பெரியவனே, நீதான் முதலில் சொன்னாய்.

"நைனா, சீட்டு சுடுது."

"வெயில்டா."

"வெயில் இல்ல நைனா. அடியில சுடுது."

எனக்கு முன்னால் சிவப்பாக ஒரு முக்கோண விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது. மிதிக்க மிதிக்க மெதுவாகத்தான் போனது. நிறுத்தினால் பாப்பாவுக்கு மூச்சு நிற்கும், ஓட்டினால் பேட்டரி வெடிக்கும் என்றுதான் என் மனசில் ஓடியது. ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன். கதவைத் திறந்து உங்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இழுத்தேன். உன் முழங்கை கதவில் இடித்தது, பெரியவனே. நீ அழவில்லை.

ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. நிறைய ஆள் இருந்தார்கள். பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் இறங்கி இடம் கொடுத்தார்கள். உங்கள் மூவரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பனைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"கதவோரமா சல்லடை மாதிரி இருக்குமே, அதுல தூசி அடைச்சிருக்கா பாரு," என்றார்.

"தூசி இல்ல. நான்தான் அடைச்சேன்."

"இன்னாத்துக்கு?"

"உப்பு போவக் கூடாதுனு. போட்டு எஞ்சினைக் கட்டுற மாதிரி."

"போட்டு எஞ்சினைக் கரையில கட்டுவீங்க. ஓடும்போதும் கட்டிக்கினே ஓட்டுவீங்களாண்ணே?" என்றார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து வண்டியை எட்டிப் பார்த்தேன்.

"பேட்டரி சூடாவாம இருக்கக் காத்து உள்ள போற வழியே அதுதான்."

"வெடிக்குமா?"

"அதெல்லாம் வெடிக்காது. ஆஃப் பண்ணிட்டு நாலு கதவையும் தொற. அடைச்சதைப் பிச்சுப் போடு. ஒரு மணி நேரம் ஆறட்டும்."

வெடிக்காது என்று அவர் சொல்லியும் கால் நகரவில்லை. உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இந்த வண்டிக்குப் பயந்து மரத்துக்குப் பின்னால் நிற்கிறேனே, அங்கே பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்ததும்தான் ரோட்டைத் தாண்டினேன். டேப் சூட்டில் இளகிக் கையெல்லாம் ஒட்டியது. பாலித்தீன் உள்பக்கமாக உறிஞ்சப்பட்டுக் குழிந்து கிடந்தது. பாப்பாவின் மார்பு அப்படித்தான் குழிந்தது. பிய்த்து எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. முக்கோணம் அணையவில்லை. மாட்டு வண்டிக்கெல்லாம் வழிவிட்டு, ஊர்ந்து பொன்னேரி போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் பாப்பா முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். புகை மாதிரி மருந்து போய்க்கொண்டிருந்தது. மார்பு அடங்கியிருந்தது. அம்மாவின் போன் பையில் கிடந்து அடித்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையில் ஒட்டியிருந்த டேப் பசையைப் பார்த்தாள்.

"என் தம்பி சொன்னா ஒடனே கேட்டுடு. மெக்கானிக்கை ஒரு வார்த்த கேக்கத் தோணல உனக்கு."

"கேட்டா வண்டி ஆவாதுனு சொல்லிடுவாரோனு பயம்."

"எங்கிட்ட சொல்லவும் பயமா?"

"ஆமா," என்றேன்.

அவள் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மெக்கானிக் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து, வண்டியில் சின்ன மிஷின் ஒன்றைச் சொருகிப் பார்த்தார். பேட்டரிக்குள் சில செல்கள் சூட்டில் கெட்டுவிட்டன, மெதுவாக ஓட்டலாம், மறுநாள் கொண்டுவா என்றார். நான் பின் கதவைத் திறந்து வைத்தேன். பாப்பா ஏறவில்லை. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நான் அதுல வரமாட்டேன் நைனா," என்றாள். பெரியவனே, நீயும் தங்கச்சி பக்கத்தில் போய் நின்றாய்.

நான் வற்புறுத்தவில்லை. உங்களைப் பழவேற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டி வந்தேன். அதிலும் பயம்தான். பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் என் கால் என் பிரேக்கை மிதித்தது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் நீங்கள் இருவரும் முட்டிபோட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பாப்பா கை ஆட்டினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் ஹெட்லைட்டை ஒரு முறை போட்டு அணைத்தேன்.