ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து சுற்று

டோர்வலில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவை ஆலை. விமானக் கம்பளிகளும் ஹோட்டல் விரிப்புகளும் அங்கேதான் வெளுக்கும். மோட்டார்கள் மின்சாரத்தை வீணாக்குகின்றனவா என்று அளந்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஒரு ஜனவரியில் அங்கே போனேன். ஏன்தான் போனேனோ!

ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் நம்மவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மனைவி, ஈர விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் கொடுத்து எடுக்கும் வரிசையில் நின்றார். உருளைகளின் வெக்கையை வெளியே இழுப்பது மேல்தட்டிலிருந்த பெரிய விசிறி. அதன் மோட்டாரைத்தான் நான் அளக்க வேண்டும்.

"வந்த கையோடை வேலையோ தம்பி? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறுங்கோவன்," என்றார் அவர்.

"பேந்து குடிக்கிறன் அண்ணை." எனக்கு எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிய அவசரம்.

மோட்டார் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று அறிய அதைக் கழற்ற வேண்டியதில்லை; சுமை ஏற ஏறச் சுற்று குறையும். சும்மா ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு சுற்று. முழுச் சுமையில் ஆயிரத்து எழுநூற்றைம்பது என்று தகட்டில் அடித்திருந்தது. என் கருவி காட்டியதோ ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து. மூன்றில் ஒரு பங்கு சுமைகூட இல்லை! ஒரு பார்சலுக்கு லொறி பிடித்த கதை. பாதிச் சக்தியுள்ள மோட்டார் தாராளமாகப் போதும் என்று எழுதினேன். மேலாளர் "பர்ஃபே, பர்ஃபே" என்று பிரெஞ்சில் மெச்சிக் கையைக் குலுக்கினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

புது மோட்டார் ஜூலையில்தான் வந்தது. காலையில் பூட்டி, பழையதைப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். ஊரே அவிந்துகொண்டிருந்த நாள். மதியத்துக்குள் புது மோட்டார் சுமை தாங்காமல் நாலு தரம் நின்றது. ஐந்தாம் தரம் ஓடவே இல்லை. உருளைகளை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை, விமானத்துக்கு விரிப்புப் போகவேண்டுமே! வரிசையில் நின்ற அக்கா, அண்ணையின் மனைவி, வெக்கையில் தலைசுற்றி முன்னால் சரிந்தார். வலது கை உருளைக்குள் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து, விசிறிக் குழாயிலிருந்த தகட்டுக் கதவைக் காட்டி அண்ணையிடம் கேட்டேன். "நான் அளந்த அண்டைக்கு இது திறந்தோ கிடந்தது?"

"இல்லைத் தம்பி. நீங்கள் மேலை ஏற, நான்தான் கீழை நிண்டு முக்கால்வாசி மூடினனான். விசிறி இழுக்க, இடுக்குகளாலை வெளிக்குளிரெல்லாம் உங்கடை முதுகிலையெல்லோ வந்து அடிக்கும். நீங்கள் போனாப்போலை திறந்திட்டன்."

கதவு மூடியிருந்தால் விசிறிக்கு இழுக்கக் காற்றில்லை, மோட்டாருக்குச் சுமையில்லை. பாவி நான், "வழமையாகவும் இப்படித்தானோ ஓடும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயா வெந்திருக்கும்? படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

விபத்து விசாரணைக்கு எங்கள் கம்பனி கொடுத்த கடிதத்தில், சோதனையின்போது ஆலை ஊழியர் ஒருவர் கதவை மூடியிருந்தார் என்று ஒரு வரி இருந்தது. பொய்யில்லை. நான் கேட்காமல் விட்டேன் என்ற வரிதான் அதில் இல்லை. கையெழுத்து வைத்தேன். அண்ணையின் வேலை போயிற்று.

நவம்பரில் வில்லரேயிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக வெட்கமாக இருந்தது, போகாமலிருக்க அதைவிட வெட்கமாக இருந்தது. அக்கா இடது கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வலது கை ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்தது.

"அண்ணை, அந்தக் கடிதத்திலை..." என்று தொடங்கினேன்.

அண்ணை எழும்பிப் போய், எனக்குப் பின்னாலிருந்த யன்னலை இழுத்து மூடினார்.

"குளிர்காத்து உங்கடை முதுகிலை அடிக்குது தம்பி," என்றார். "முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ."