கொழுப்பா, தோலா: தொம்மலூரிலும் லிங்கராஜபுரத்திலும் என் வயிற்றைக் காட்டிய சனிக்கிழமை

நவம்பர் 8, 2025, சனிக்கிழமை, காலை 8.40. இரண்டு கிளினிக், மூன்று சிகிச்சை. தையில் எனக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை சட்டையில்லாமல்தான் மணையில் உட்கார வேண்டும். ஒன்றரை வருடத்தில் முப்பத்தோரு கிலோ குறைத்தவன் நான். எடை போய்விட்டது, வயிறு காற்றிறங்கிய டியூப் மாதிரி தொங்குகிறது. நான் கட்டிக்கொள்ளப்போகும் நித்யாவைப் பெண் பார்த்தபோதே நான் இளைத்திருந்தேன். இந்த வயிறு அவளுக்குத் தெரியாது. முகூர்த்தத்தில் எல்லோரோடும் சேர்ந்து அவளும் பார்த்தால்? இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் மோட்டார்களைச் சோதிப்பது என் வேலை. புத்தி அப்படித்தானே போகும்? எக்செல்லில் மெஷின்களை ஒப்பிட்டேன். கொழுப்பை உறைய வைத்து அழிப்பது ஒன்று. ரேடியோ அலையால் சூடாக்கித் தோலை இறுக்குவது இரண்டு. அல்ட்ராசவுண்டை ஆழத்தில் குவித்து இறுக்குவது மூன்று. எதிலும் கத்தி இல்லை. ஆனால் பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம். தைக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.

தொம்மலூருக்குப் பஸ்ஸில் 21 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆலோசகர் என்று ஒரு பெண். நான் முன்பே அனுப்பிய வயிற்றுப் போட்டோவை மட்டும் பார்த்தார்.

"உறைய வெக்கறதுதான் சார் உங்களுக்கு. ஒரே சிட்டிங், பதினெட்டாயிரம். கல்யாணத்துக்கு ஃப்ளாட் ஆயிடும்."

"அபூர்வமா அந்த இடத்துலயே கொழுப்பு கூடிடும்னு படிச்சேனே?"

"நெட்ல ரொம்பப் படிக்காதீங்க சார். இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர் இருக்கு."

டாக்டர் எங்கே என்றேன். திங்கட்கிழமை வருவாராம். எழுந்து வந்துவிட்டேன்.

லிங்கராஜபுரத்துக்கு ஆட்டோ, 7 கிலோமீட்டர், 180 ரூபாய். டிரைவர் தமிழர், வாய் சும்மா இருக்கவில்லை. பதற்றத்தில் நானும் கொட்டிவிட்டேன்.

"மாப்ளய எவன் சார் பாக்கறான்? பொண்ணு நகையத்தான் பாப்பானுங்க. துண்டை இழுத்து மூடிக்கினு குந்து."

"பொண்ணு பாக்கும்ல?"

"அது ஆயுசுக்கும் பாக்கப் போவுது. எத்தினி நாளு துண்டு போத்துவ?"

கிளினிக் வாசலில் இறங்கிக் காசைக் கொடுத்தேன்.

இங்கே தோல் டாக்டர் இருந்தார், அறுநூறு ரூபாய் கன்சல்டேஷன். போட்டோவைத் தொடவில்லை. நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார், வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார்.

"இதுல கொழுப்பு எங்கப்பா இருக்கு? நீயே கரைச்சிட்ட. மிச்சம் வெறும் தோல். இதை உறைய வெச்சா ஒண்ணும் நடக்காது."

"ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட்?"

"கொஞ்சம் இறுகும். தொங்கறது போகாது. அது போகணும்னா ஆபரேஷன், தைக்குள்ள அதுவும் முடியாது. யாருக்குக் காட்டப் பயப்படற?"

சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: மெஷினை ஒப்பிடும் முன் கிள்ளிப் பாருங்கள். கெட்டியாகக் கையில் வந்தால் கொழுப்பு, துணி மாதிரி மடிந்தால் தோல். ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. கையால் தொட்டுப் பார்க்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். ஒரு வாரம் எக்செல் போட்ட எனக்கு இது தோன்றவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. தொம்மலூருக்கு 'வேண்டாம்' என்று மெசேஜ்.
2. ரேடியோ அலை வேண்டுமா என்று கல்யாணத்துக்குப் பிறகு முடிவு செய்வது.
3. நித்யாவுக்குப் போன் செய்து, நான் குண்டாக இருந்த பழைய போட்டோ, இப்போதைய வயிறு இரண்டையும் பற்றிச் சொல்வது. முதலில் இதுதான்.