இரும்பு மாப்பிள்ளையின் கடைசி ஓட்டம்

என் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம் அம்மா, "அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு. மாப்பிள்ளை இரும்புல இருக்கார், அவ்வளவுதான்" என்பாள். அவள் சொன்னது அக்காவின் ஆய்வுக்கூடத்து இயந்திரத்தை. ஊதிய சைக்கிள் டியூபைப் படுக்கவைத்த மாதிரி வடிவம். ஆனால் இரண்டு ஆள் உயரம். அதற்குள் கொஞ்சம் வாயுவை விட்டு, சூரியனுக்குச் சவால் விடும் அளவுக்குச் சூடாக்கி, சுவரில் படாமல் காந்தத்தால் பிடித்துவைக்க வேண்டும். பிடித்துவைத்தால் அணுக்கள் இணையும். கரியும் புகையும் இல்லாமல் மின்சாரம் வரும்.

வாயு பிடிபடுகிற ஜாதி இல்லை. நெளியும், சுவரில் உரசும், பொசுக்கென்று அணைந்துவிடும். அதோடு மல்லுக்கட்டியே அக்காவின் தலை நரைத்தது. "இன்னும் கொஞ்சம்தான்டா" என்று வருஷா வருஷம் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இயந்திரத்தை மூடிவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு மதியம், வாயுவில் இரண்டு மடங்கு சூடு தங்கியதாக அளவுக்கோடு எகிறியது. அக்கா வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். மேலிடத்திலிருந்து குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும் என்றாள். மறுபடி கோடு எகிறினால் புதுக் காந்தச் சுருள்கள் கிடைக்கும், இல்லையென்றால் காயலான் கடை. அதற்குள் பழைய சுருள்கள் நொந்துவிட்டன. "இன்னும் ஒரு ஓட்டம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்று சுருள் இன்ஜினியர் கையை விரித்துவிட்டார்.

குழு வந்த அன்று அம்மாவையும் என்னையும் அக்கா அழைத்துப் போனாள். அத்தனை வருஷத்தில் அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தது அன்றுதான். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால், குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்ததால், கதவோரம் இருந்த எனக்கு உள்ளே பேசுவது கேட்டது.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சுருள்களின் காந்தமும் அளவுக்கோட்டில் கலந்துவிடும். அதனால் முதலில் வாயுவே இல்லாமல் 'வெறும் ஓட்டம்' ஒன்று எடுத்து, அந்தக் கோட்டைப் பிறகு வருவதிலிருந்து கழிப்பார்கள். மிச்சம்தான் வாயுவின் கணக்கு. அன்று ஒரே ஓட்டம்தான் பாக்கி என்பதால், பழைய வெறும் ஓட்டக் கோட்டையே கழிப்பதாக ஏற்பாடு.

பொத்தானை அழுத்தப் போன சுருள் இன்ஜினியரின் கையை அக்கா பிடித்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் சுருள்ல கரண்டை ஏத்தினோமே, அதுக்கப்புறம் வெறும் ஓட்டம் எடுத்தோமா?"

அவர் முகம் செத்துவிட்டது. "இல்ல மேடம். காலைல எடுத்ததைத்தான் கழிச்சோம்."

"அப்போ அந்தச் சூடு நிஜமா, நாம ஏத்தின கரண்டா?"

"எதுவா இருந்தா என்ன மேடம்? இன்னிக்கும் கோடு மேல போகும். பாத்துட்டுப் போகட்டும். புதுச் சுருள் வரட்டும், அப்புறம் சரி பார்ப்போம்."

அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. சரி என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். அம்மா சின்னப் பெண் மாதிரி கையசைத்தாள். அக்கா போய் வாயுக் குழாயை அடைத்தாள். "வெறுமனே ஓட்டுங்க" என்றாள்.

தரை அதிர்ந்தது. எங்கோ ஒரு சுருள் பட்டென்று வெடித்தது. கருகல் வாடை வந்தது. திரையில் கோடு எகிறியது. வாயு இல்லாமலே, அன்றைய அதே உயரம், அதே வளைவு.

குழுத் தலைவர் எழுந்து கை தட்டினார். "பிரமாதம்!"

அக்கா வெளியே வந்தாள். "தட்டாதீங்க சார். உள்ள ஒண்ணுமே இல்ல."

அவர்கள் ஏதேதோ கேட்டார்கள். அக்கா பொறுமையாகப் பதில் சொன்னாள். எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"முடிஞ்சு போச்சும்மா" என்றாள்.

அம்மா கண்ணாடி வழியாக இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் கைவசம் இருக்கும் கிண்டல் அன்று வரவில்லை.

"எரியறப்போ எப்படிடி இருக்கும்? அதையாவது சொல்லு."

"ரோஸ் கலர்ல இருக்கும்மா" என்றவள், அம்மாவின் மடியில் விழுந்து வாய்விட்டு அழுதாள்.